சாதாரணக் கொள்ளை ஈ

விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இரண்டு வருடம் லைனில் உட்கார்ந்திருந்தேன். வட்டக் கண்ணாடி பொருத்திய விளக்கின் கீழே சின்னச் சின்ன போர்டுகள் வந்துகொண்டே இருக்கும். பற்றவைத்த இடம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் தள்ள வேண்டும். படித்த படிப்புக்கும் அந்த வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால்தான் புதிதாக வரும் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் பூச்சி, பறவை பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். இனி லைனுக்குத் திரும்பவே கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது. பின்னால் நான் செய்ததற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் சாக்குப்போலத் தெரியும். ஆனாலும் அதுதான் காரணம்.

எனக்குக் கிடைத்த முதல் இடம் சூளகிரிக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே இருந்தது. தொழிற்பேட்டைக்காக எடுக்கப்போகும் நிலம். பாதி பட்டா நிலம், பாதி பாறையும் முள்ளுமான புறம்போக்கு. கேழ்வரகும் கொள்ளும் போட்டிருந்தார்கள். போர் போட்டவர்கள் தக்காளி வைத்திருந்தார்கள். ஆடி முடிந்து நல்ல மழை பெய்திருந்தது. காலை எட்டு மணிக்கு என்னை இறக்கிவிட்டுப் போகும் ஜீப் மாலை நாலு மணிக்குத்தான் திரும்ப வரும். அதுவரை வலையும் டப்பாக்களும் நோட்டுமாக நான் மட்டும்.

முதல் கொள்ளை ஈயைப் பார்த்தது ஒரு அளவுக்கல்லின் மேல். மஞ்சள் பெயின்ட் அடித்த அந்தக் கல்லில் சாம்பல் நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. தும்பி என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன். திடீரென்று எழும்பி, பறந்து போன ஒரு தேனீயை அந்தரத்திலேயே அணைத்துப் பிடித்து, அதே கல்லுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தது. தேனீயின் கழுத்துக்குப் பின்னால் அதன் அலகு குத்தி நின்றது. தேனீ இரண்டு முறை காலை உதறிவிட்டு அடங்கிப்போனது. கல்லூரியில் ஒரே ஒரு பத்தி படித்திருந்தேன். நேரில் பார்த்தது அன்றுதான்.

அதிலிருந்து பறவைகளைக்கூட இரண்டாம் பட்சமாக்கிவிட்டேன். கொள்ளை ஈயை மற்ற ஈக்களிலிருந்து பிரிப்பது சுலபம். இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே உச்சந்தலை பள்ளமாக இறங்கியிருக்கும். வாய்க்கு மேலே விறைத்த முடிக்கற்றை, மீசை மாதிரி. கால் முழுக்க முள். கஷ்டம் அதற்குப் பிறகுதான். கொள்ளை ஈக்களுக்குள்ளேயே எது எந்தக் கூட்டம் என்று பார்க்க வேண்டும். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து டப்பாவில் போட்டு, ஈயை அதற்குள் விட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். பிறகு பூதக்கண்ணாடி மாதிரியான கைக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அதன் உணர்கொம்பைப் பார்ப்பேன். கொம்பின் நுனி வழவழப்பான ஒரு மயிரில் முடிந்தால் ஒரு கூட்டம். அங்கே அதிகம் கிடைத்தது அதுதான். அந்த மயிரில் சீப்புப் பல் மாதிரி நுண்முடிகள் இருந்தால் இன்னொரு கூட்டம். மயிரே இல்லாமல் கொம்பு மழுங்கி முடிந்து, உடம்பும் வண்டு மாதிரி தடித்திருந்தால் மூன்றாவது. குச்சி மாதிரி மெலிந்து, கால் நகங்களுக்கு நடுவே மெத்தை இல்லாமல் இருந்தால் நாலாவது. செடி பக்கமே போகாமல் மணலிலும் பாறையிலும் உட்காரும் பொடிசுகள் ஐந்தாவது. கொம்பில் சந்தேகம் வந்தால் இறக்கை. இறக்கையின் முன் ஓரத்தில் நரம்புகளுக்கு நடுவே நீளமாக ஒரு அறை இருக்கும். சில கூட்டங்களில் அது விளிம்பைத் தொடுவதற்கு முன்பே மூடிக்கொள்ளும். சிலவற்றில் விளிம்புவரை திறந்தே போகும்.

ஐந்து கூட்டங்களையும் ஐந்து வரியாக எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். அலுவலகத்தை நடத்தியவரை எல்லோரும் சார் என்போம். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஈக்கு எதுக்கும்மா அஞ்சு வரி? கொள்ளை ஈ, ஒண்ணு. அவ்ளோதான் போடு. படிக்கிறவங்களுக்கு அது போதும்."

அடித்துவிட்டு ஒரு வரியாக எழுதினேன். அப்போது அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அந்த நிலத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு அக்கா தக்காளியும் அவரையும் போட்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என்னிடம் தமிழில் பேசுவார், மாட்டிடம் தெலுங்கில் பேசுவார். வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். நிலத்தை முழுக்கப் பார்த்துக்கொண்டது அந்த அக்காதான். முதல் நாள் வலையோடு வரப்பில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து அதட்டினார்.

"இன்னாம்மா, கல்லு நடறவங்களோட ஆளா நீ?"

"இல்லக்கா, பூச்சி பாக்க வந்திருக்கேன்."

"பூச்சி பாக்கறதுக்கு ஒரு ஆளா? இன்னா பூச்சி?"

கொள்ளை ஈ என்றேன். என்ன செய்யும் என்று கேட்டார். சொன்னேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார்.

"தொங்க ஈகன்னு சொல்லு. எங்க பாஷையில தொங்கன்னா திருடன், ஈகன்னா ஈ. பட்டப்பகல்ல கல்லு நட்டு நெலத்த எடுத்துக்கறவன உட்டுட்டு ஈயப் போய் திருடன்னு பேரு வெச்சுக்கீறீங்களே."

அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு அவருடைய மோட்டார் கொட்டகை நிழலுக்குத்தான் போவேன். தண்ணீர் கொடுப்பார். பறித்துப் போட்டிருக்கும் தக்காளியில் பழமாக ஒன்றை எடுத்து உப்பு தொட்டுக் கொடுப்பார். நானும் அவரும் சேர்ந்து ஈ பார்த்தோம் என்றுகூடச் சொல்லலாம். அவருக்குக் கண் கூர்மை. "ஆவாரஞ்செடியில ஒண்ணு குந்திகினு கீது, போய்ப் பாரு" என்று தூரத்திலிருந்தே காட்டுவார். நல்லதா என்று கேட்பார். எதையும் நல்லது, கெட்டது என்று பிரித்துப் பார்த்து எனக்குப் பழக்கம்தானே. நல்லதுதான்க்கா, இதன் புழு மண்ணுக்குள் வேர்ப்புழுவைத் தின்னும் என்பேன். அவர் திருப்தியாகத் தலையாட்டுவார்.

மூன்றாவது வாரம் அந்த ஈ கிடைத்தது. அவருடைய அவரைப் பந்தலின் கல்தூணில், கருத்த உடம்பும் வயிற்றில் செம்பட்டை முடியுமாகத் தடித்த ஒன்று. பிடித்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். கொம்பு மழுங்கி இருந்தது, மயிர் இல்லை. சரி, மூன்றாவது கூட்டம். வழக்கம்போல இறக்கையைப் பார்த்தேன். அந்த அறை திறந்திருந்தது. மழுங்கின கொம்பும் தடித்த உடம்பும் இருந்தால் அந்த அறை மூடியிருக்க வேண்டும். இன்னொரு இறக்கையையும் பார்த்தேன். அதுவும் திறந்துதான் இருந்தது. என்னிடம் இருந்த எந்தக் குறிப்பிலும் அது பொருந்தவில்லை. இரண்டு வருடம் போர்டு பார்த்த கண்ணுக்கு முதல் தடவையாக ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அக்காவிடம் அப்படியே கொட்டிவிட்டேன்.

"அக்கா, இது புதுசா இருக்கும் போலக்கா. வேற எங்கயும் யாரும் பாக்காததா இருக்கலாம்."

"எங்கயும் இல்லியா? எங்க நெலத்துல மட்டும்தான் கீதா?"

"அப்படியும் இருக்கலாம்க்கா."

அவர் ஈயைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். குரல் தாழ்ந்துவிட்டது.

"அப்ப இந்த நெலத்த எடுக்காம உட்டுடுவாங்களாம்மா?"

மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு ஈக்காக யாரும் எதையும் நிறுத்த மாட்டார்கள். அதுவும் ஒரே ஒரு ஈ, கைக்கண்ணாடியில் பார்த்தது. ஆனால் அந்த நிமிஷத்தின் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"சொல்ல முடியாதுக்கா" என்றேன்.

எங்கள் பக்கம் சொல்ல முடியாது என்றால் நடந்தாலும் நடக்கும் என்றுதான் அர்த்தம். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் வரப்பில் நடந்து போனபோது முன்பின் தெரியாத ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ஈ கெடச்சுதாமே, நல்லா எழுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நான் திருத்தவில்லை. திருத்த வாய்ப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாளும் மதியம் அந்தக் கொட்டகையில் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாரிடம் ஈயைக் காட்டினேன். தெர்மாகோலில் ஊசி குத்தி வைத்திருந்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டவர் இல்லை, ஒருவிதத்தில் நியாயமாகத்தான் கேட்டார்.

"புது இனம்னு எழுதி நீ கையெழுத்துப் போடுவியா?"

"நிச்சயமா சொல்ல முடியாது சார். தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டணும். கொஞ்சம் டைம் வேணும்."

"வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போயாகணும்மா. நிச்சயம் இல்லாதத எழுத முடியாது. அப்புறம் பாத்துக்கலாம்."

ஈயை டப்பாவில் வைத்து மூடினேன். ரிப்போர்ட்டில் கொள்ளை ஈ என்று ஒரு வரி இருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், பக்கச் சுவர் ஓரம் போலீஸ். வேலை கிடைக்கும் என்று பேச வந்தவர்களும் இருந்தார்கள், நிலம் போகிறது என்று பேச வந்தவர்களும் இருந்தார்கள். தண்ணீர், புகை, வேலையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடம் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். நான் அலுவலக ஆட்களோடு இரண்டாவது வரிசையில் இருந்தேன்.

அந்த அக்கா மைக் முன்னால் வந்தார். புதுச்சேலை கட்டியிருந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"ஐயா, எங்க நெலத்துல ஒரு ஈ கீது. வேற எங்கயும் இல்லாத ஈ. படிச்சவங்களே வந்து பாத்து சொல்லிக்கீறாங்க. அத்த எழுதிக்கினீங்களான்னு கேக்கணும்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. எதிர்த்துப் பேச வந்தவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். பின்னால் யாரோ, "எங்க வூட்ல கொசுவும் கீதுங்கய்யா, அதையும் எழுதிக்கங்க" என்று கத்தினார். மேடையில் இருந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அறிக்கையைப் புரட்டினார். "ஈ பற்றி என்ன?" என்று சாரைக் கேட்டார். சார் எழுந்து, "எங்க பூச்சி நிபுணர் இங்கயே இருக்காங்க, அவங்களே விளக்கம் தருவாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

மைக் என் கைக்கு வந்துவிட்டது. அந்த மைக்கில் சொல்லியிருக்கக்கூடிய உண்மை ஒன்று இருந்தது. 'ஒரே ஒரு மாதிரி கிடைத்திருக்கிறது, என்ன கூட்டம் என்று எனக்குத் தெரியவில்லை, காட்டிக் கேட்க வேண்டும்.' மூன்று துண்டு வாக்கியம்தான். சாரின் முகத்தைப் பார்த்தேன், லைனில் இருந்த விளக்கு ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

"அது சாதாரணக் கொள்ளை ஈ சார். எல்லா எடத்துலயும் இருக்கறதுதான்."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். அக்கா மைக்கை விட்டு நகராமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது, நான் நிமிரவில்லை. அடுத்து பேச வேண்டியவர் வந்து தோளைத் தொட்டதும் போய் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து செருப்பு விட்ட இடத்தில் எதிரெதிரே நின்றோம். என் செருப்பு அவருடைய செருப்புக்கு அடியில் கிடந்தது. அவர் காலால் நகர்த்திவிட்டு, "சாதாரணமாம்மா?" என்று மட்டும் கேட்டார். அக்கா என்றேன். அவர் படி இறங்கிப் போய்விட்டார்.

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு பின்னால் அலுவலகத்துக்கு வந்தது. ஈ குறித்த கேள்விக்கு நிபுணர் உரிய விளக்கம் அளித்தார் என்று இருந்தது. நிபுணர் என்ற சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உடனே வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேதான் இருந்தேன். இன்னும் நாலைந்து இடங்களுக்குப் போனேன். வலையை எடுத்துக்கொண்டு போவேன், கொள்ளை ஈ கண்ணில் பட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்த ஈ என் அறையில் அலமாரிக்குள் டப்பாவில் இருந்தது. எறும்பு வராமல் ரசகற்பூர உருண்டை மாற்றிப் போட மட்டும் டப்பாவைத் திறப்பேன்.

வேலையை விட்டு, காவேரிப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்த பிறகுதான் அதை வெளியே எடுக்கத் தைரியம் வந்தது. பெங்களூரில் ஈக்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மாவுக்கு எழுதினேன். எடுத்துக்கொண்டு வாங்க என்றார். டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழி நெடுக ஒரே யோசனைதான். புது இனம் என்று சொல்லிவிட்டால் நான் மண்டபத்தில் சொன்னது பொய். ஆனால் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் மனம் வேண்டிக்கொண்டது. ஏன் என்று எனக்கே புரியவில்லை.

அந்த அம்மா மைக்ராஸ்கோப்பில் வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார்.

"இறக்கையோட ஓரத்தைப் பாருங்க. கிழிஞ்சு கிழிஞ்சு இருக்கா? இது வயசான ஈ. முள்ளுலயும் கல்லுலயும் பட்டுப் பட்டு இறக்கை தேஞ்சுபோச்சு. அறை மூடற எடமே தேஞ்சு போனதால தெறந்த மாதிரி தெரியுது. நரம்பு எப்படி வளைஞ்சு ஒண்ணை ஒண்ணு சேரப் போகுதுன்னு பாருங்க."

பார்த்தேன். இரண்டு நரம்புகளும் ஒன்றையொன்று நோக்கி வளைந்து வந்து, சேர்வதற்கு முன்னால் இறக்கையே இல்லாமல் போயிருந்தது. கைக்கண்ணாடியில் அந்தப் பிசிறு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருக்கலாம். புதிதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட கண் அதைப் பார்க்காமல் விட்டிருக்கலாம்.

"அப்ப இது சாதாரண ஈதானா மேடம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

"கூட்டம் தெரிஞ்ச கூட்டம்தான். இனம் எதுன்னு சொல்ல முடியாது. இது பெண். ஆணோட வயித்து நுனியில இருக்கற உறுப்பைப் பாத்தாதான் சரியா சொல்லலாம். இந்த செம்பட்டை முடி கொஞ்சம் வித்தியாசமா இருக்கு. அதே எடத்துக்குப் போய் இன்னும் ரெண்டு மூணு புடிச்சிட்டு வாங்க, பாத்துடலாம்."

திரும்பும்போது வீட்டுக்குப் போகாமல் சூளகிரியில் இறங்கி, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ஆட்டோ பிடித்துப் போனேன். தகரச் சுற்றுச்சுவர். உள்ளே மண்ணை நிரவி ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. பாறைகளை உடைத்து எடுத்திருந்தார்கள். எந்தப் பக்கம் மேற்கு ஓரம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்டில் இருந்த செக்யூரிட்டி யார் வேண்டும் என்று இந்தியில் கேட்டான். யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பொய் என்று நினைத்து நான் சொன்னது முக்கால்வாசி உண்மையாகிவிட்டது. இதில் எனக்கு ஆறுதல் இருக்க வேண்டும். நானும் எத்தனையோ தடவை எனக்கே எடுத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சொன்ன அந்த நிமிஷம் எனக்கு உண்மை தெரியாது, தெரியாது என்று எனக்குத் தெரியும், அதை மறைத்தேன். அது மாறவில்லை.

போன வருடம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். காவேரிப்பட்டினம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நான் ஒதுங்கிப் போயிருக்கலாம். போய் முன்னால் நின்றேன். உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"ஈ புடிக்கிற பாப்பா."

மத்தூர் பக்கம் அவருடைய அண்ணனின் நிலத்தை, விளைச்சலைப் பங்கிட்டு, வாரத்துக்குப் பார்ப்பதாகச் சொன்னார். வீட்டுக்காரர் இன்னும் ஓசூரில்தான் இருக்கிறார், வாரத்துக்கு ஒரு தடவை வருவார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சார் கேட்டது, லைன் வேலையின் பயம், பெங்களூர், தேய்ந்த இறக்கை, எதையும் விடாமல். சுற்றிலும் கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப கூட்டத்துல நீ சொன்னது தப்பில்ல. எங்கிட்ட சொன்னியே, அதாம்மா தப்பு" என்றார்.

"ரெண்டும் தப்புதான்க்கா."

"அத்த நீ பாத்துக்க. எனுக்கு அது ஒண்ணுதான். அந்தப் பத்து நாளு நான் சோறு நல்லா தின்னேன், நல்லா தூங்குனேன். அத்தோட போச்சு. அப்புறம் ஊர்ல எல்லாரும் என்னைய ஈக்காரின்னுதான் கூப்டாங்க. அதான் அங்க இருக்காம வந்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. விலை விசாரிக்கிற குரலில் சொன்னார். மன்னிச்சுக்கங்கக்கா என்றேன். மத்தூர் பஸ் வந்தது. மூட்டையை ஒரு கை பிடித்தேன். படியில் ஏறியவர் திரும்பினார்.

"அங்கயும் குந்துது அந்த ஈ. செம்பட்டை முடியோட, அதே மாதிரிதான். ரெண்டு மூணு தடவ பாத்துட்டேன். நான் யாருக்கும் சொல்லல."

அங்கே வந்து பார்க்கட்டுமா என்று நான் கேட்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

பெங்களூர் அம்மாவிடமிருந்து இரண்டு தடவை மெயில் வந்துவிட்டது, ஆண் ஈ கிடைத்ததா என்று கேட்டு. இன்னும் பதில் எழுதவில்லை. மத்தூருக்குப் போகவும் இல்லை.